நாடு யாருடைய முதுசம்?

ஓர் அரசன் இறக்கிறான். அடுத்து அரியணையில் அமர வேண்டியவன் யார் என்ற கேள்வி எழுகிறது. எதிர்பார்த்தவன் அமராது வேறொருவன் அமர்ந்துவிட்டால், ஏன் இவ்வாறு நேர்ந்தது, எந்த விதி மீறப்பட்டது, யார் செய்த சூழ்ச்சி இது என்று ஆராயத் தொடங்குகிறோம். சரித்திர நூல்களிற் பாதி இத்தகைய ஆராய்ச்சியே. ஆனால் இக்கேள்விகளுக்கெல்லாம் அடியில் இன்னொரு கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஊரும் வயலும் குளமும் கடலும் அவற்றில் உழைக்கும் மக்களும் சேர்ந்த ஒரு நாடு, தந்தையிடமிருந்து மகனுக்கும் மாமனிடமிருந்து மருமகனுக்கும் இறங்குகின்ற சொத்தாக எவ்வாறு ஆயிற்று? அச்சொத்தைப் பெறுவதற்கு உரியவன் இவன், உரியவன் அல்லன் அவன் என்று வழக்காடுவதற்கு முன்னர், அது சொத்துத்தானா என்று கேட்க வேண்டாமா?

இக்கேள்வியை இன்று எழுப்புவதற்கு ஒரு காரணம் உண்டு. கணினியில் ஆடும் ஆட்டங்களில் ஒருவகை, மத்திய காலத்து அரசவம்சம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக நடத்திச் செல்வதையே ஆட்டமாகக் கொண்டது. 2020ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு நிறுவனமொன்று வெளியிட்ட ‘குரூசேடர் கிங்ஸ்’ மூன்றாம் ஆட்டம் இவ்வகையைச் சேர்ந்தது. அதன் வரைபடத்தில் இந்தியாவும் இலங்கையும்கூட இடம்பெற்றுள்ளன. ஆடுபவன் அரசனாகிறான், மணம் முடிக்கிறான், பிள்ளைகளைப் பெறுகிறான், போர் செய்கிறான், இறக்கிறான். இறந்ததும் தன் வாரிசாக மாறி ஆட்டத்தைத் தொடர்கிறான். தொல்லை அங்கேதான். அருமையாக வளர்த்த மூத்த மகனிடம் நாடு முழுவதும் சேரும் என்று நம்பியிருந்தவன், பாதி நாடு தம்பிமாரிடம் போயிருக்கக் காண்கிறான். அல்லது முகமே நினைவில்லாத ஓர் உறவினன் முடி சூடியிருக்கிறான். ஆட்டத்தில் ஏதோ கோளாறு என்று மாணவன் பதறுகிறான்.

கோளாறு ஒன்றும் இல்லை. அவ்வாட்டத்தின் முற்காலச் சட்டப்படி ஆட்சி பிள்ளைகளிடையே பங்கிடப்படும். ஒருவனே முழுவதையும் பெறும் மூத்த மகனுரிமை பிற்காலத்திலேதான் கிட்டும். சில நாடுகளிற் பிரபுக்கள் வாக்களித்து வாரிசைத் தெரிவர். மணத்துக்குப் புறம்பே பிறந்தவன், தந்தை அவனை முறைப்படி ஏற்றுக்கொண்டாலன்றி, எதையும் பெறான். துறவு பூண்டவனுக்கு உரிமை இல்லை. ஆகையால் வேண்டாத மகனை மடத்துக்கு அனுப்பிவிடுவது கைதேர்ந்த ஆட்டக்காரர் செய்யும் உபாயம். எதிர்பாராத வாரிசு வந்துவிட்டதே என்று கலங்குபவனுக்கு விடை சுருக்கமானது: உன் நாட்டின் வாரிசுச் சட்டம் எது என்று பார்.

இவ்வாட்டத்தைப் பழிப்பது நமது நோக்கமன்று. நமது பாடநூல்கள் பலவற்றினும் அது நேர்மையானது என்றே சொல்லத் தோன்றுகிறது. மன்னராட்சியின் உள்ளீடு குடும்பச் சொத்துத் தகராறே என்பதை அது மெய்க்கீர்த்திகளால் மூடி மறைக்கவில்லை. அதில் வேறொரு விதியும் உண்டு. அரசன் இறக்கும்போது அவன் வம்சத்தைச் சேர்ந்த வாரிசு ஒருவரும் இல்லையெனில் ஆட்டம் முடிந்துவிடும். நாடு அழியவில்லை, ஊர்கள் இருக்கின்றன, குடியானவன் நாளைக்கும் உழப்போகிறான், ஆனால் ஆட்டம் முடிந்தது. அம்மக்கள் ஆட்டத்தில் வரியாகவும் படையாகவும் தோன்றுகின்றனர். எப்போதாவது கிளர்ச்சியாகவும் தோன்றுகின்றனர். வாரிசாக மட்டும் ஒருபோதும் தோன்றுவதில்லை.

இனி நமது மண்ணுக்கு வருவோம். எதிர்பாராத வாரிசு ஒருவன் அரியணையைக் கைப்பற்ற, அதுவே ஓர் அரசின் முடிவுக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட நிகழ்ச்சி நல்லூரிலே நடந்திருக்கிறது.

1617ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மன்னன் எதிர்மன்னசிங்கம் இறந்தான். அவன் விட்டுச் சென்ற மகனுக்கு வயது மூன்று. அரசுரிமை அக்குழந்தைக்கே என்பதில் மயக்கம் இருக்கவில்லை. குழந்தை வளரும்வரை ஆட்சியை நடத்தும் பொறுப்பு இறந்த மன்னனின் சகோதரனான அரசகேசரியிடம் விடப்பட்டது. காளிதாசனின் இரகுவம்சத்தைத் தமிழிற் பாடிய அரசகேசரி இவனே என்று கருதுவோர் உண்டு. அவ்வாறாயின் சரித்திரத்தின் ஏளனத்தை என்னென்பது! வடமொழி இரகுவம்சம் ஓர் அரசவம்சத்தின் ஏற்றத்தையும் தாழ்வையும் சொல்லி, கடைசிச் சருக்கத்தில் அக்கினிவர்ணன் காமக்களியாட்டத்தால் நோயுற்று மடிய, கருவுற்றிருந்த அவன் தேவியை அமைச்சர்கள் அரியணையில் அமர்த்துவதோடு முடிகிறது. பிறவாத ஒரு சிசுவின் பெயரில் ஆட்சி நடக்கத் தொடங்க, காவியம் நின்றுவிடுகிறது. அக்கதையை அறிந்த ஒருவன் மூன்று வயதுக் குழந்தையின் பெயரால் ஆளத் தொடங்கினான்.

அவ்வாட்சி நிலைக்கவில்லை. இறந்த மன்னனின் மருமகன் சங்கிலி குமாரன், அரசகேசரியையும் அரச குடும்பத்து இளவரசர்களையும் கொன்று ஆட்சியைத் தன் கையில் எடுத்தான். குழந்தையைக் கொல்லவில்லை. குழந்தையின் பாதுகாவலன் தானே என்று சொல்லிக்கொண்டான். இது கருணை அன்று என்பதை விளக்க வேண்டியதில்லை. அக்குழந்தை உயிரோடு இருந்தாலன்றிப் பாதுகாவலன் என்ற பட்டத்துக்குப் பொருளில்லை. கொழும்பிலிருந்த போர்த்துக்கேயரின் அங்கீகாரத்தையும் அவன் நாடினான். அது கிடைக்கவில்லை.

ஏன் போர்த்துக்கேயரின் அங்கீகாரம் வேண்டியிருந்தது? இந்த இடத்திற் சற்று நின்று பார்த்தால்தான் ‘முறையான வாரிசு’ என்னும் சொல் யாருடைய கையிலிருந்த ஆயுதம் என்பது விளங்கும்.

எதிர்மன்னசிங்கமே முறையாக வந்தவனா? 1591ஆம் ஆண்டில் அந்திரே பூர்த்தாடோ தெ மெந்தோன்சா என்னும் போர்த்துக்கேயத் தளபதி யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்து, அப்போது ஆண்ட புவிராஜ பண்டாரத்தைக் கொன்றான். எதிர்மன்னசிங்கத்தை அரியணையில் ஏற்றினான். நல்லூரிற் கூடிய முதலிமார் போர்த்துக்கல் மன்னனைத் தமது மேலாண்மையாளனாக ஏற்றனர். அன்று ஆண்டுகொண்டிருந்த மன்னனைக் கொன்று வேறொருவனை நாட்டியவர்கள், இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, சங்கிலி குமாரன் முறைகேடாக ஆட்சியைப் பறித்தவன் என்று அறம் பேசினர். கொலையால் வந்த அரசன் ஒருவனை நாட்டுவதும் அவர்களே. கொலையால் வந்தான் என்று இன்னொருவனை நீக்குவதும் அவர்களே.

இன்னும் பின்னே செல்வோம். 1519இலிருந்து ஆண்டதாகக் கொள்ளப்படும் முதலாம் சங்கிலியின் காலத்தில், அவனுக்கு மூத்த சகோதரன் ஒருவன், உரிமை தனதே என்று கூறிப் போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் புகுந்தான். 1544இல் மன்னாரிற் கத்தோலிக்கராக மதம் மாறியவர்கள் நூற்றுக்கணக்கில் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். அதற்குத் தண்டனையாக அவனை நீக்கி மூத்தவனை அமர்த்த வேண்டும் என்று பிரான்சிஸ் சவேரியார் போர்த்துக்கேய அதிகாரிகளை வற்புறுத்தினார். படையெடுப்புக்கு ஆயத்தம் நடந்தது. ஆனால் 1545இல் பெகுவிலிருந்து சரக்கோடு வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டியது. சரக்கு சங்கிலியின் கையிற் சிக்கியது. அதை மீட்கும் வரையிற் சங்கிலியைப் பகைத்துக்கொள்வது உசிதமன்று என்று அதிகாரிகள் கருதினர். படையெடுப்பு நின்றது. மூத்தவனின் உரிமையும் மன்னாரிற் சிந்திய இரத்தமும் ஒரு கப்பற் சரக்குக்காகக் காத்திருந்தன. மாணவர்க்கு ஏகாதிபத்தியத்தின் பொருளாதாரத்தைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்க்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டுக் கிட்டாது.

தெற்கே கோட்டை இராச்சியத்தில் நடந்தது இன்னும் தெளிவானது. 1521ஆம் ஆண்டில் விஜயபாகு மன்னனை அவன் புதல்வர்களே கொல்வித்து, நாட்டைக் கோட்டை, சீதாவாக்கை, றைகம என மூன்றாகப் பங்கிட்டுக்கொண்டனர். கோட்டையைப் பெற்ற புவனேகபாகுவுக்கு ஆண் பிள்ளை இல்லை. மகள் வயிற்றுப் பேரன் தர்மபாலனே இருந்தான். சீதாவாக்கையிலிருந்த தம்பி மாயாதுன்னை அரசு தனக்கே வர வேண்டும் என்றான். தம்பியை விலக்கிப் பேரனை வாரிசாக்க விரும்பிய அரசன், குழந்தை தர்மபாலனின் உருவத்தைப் பொன்னிற் செய்து லிஸ்பனுக்கு அனுப்பினான். 1543இல் போர்த்துக்கல் மன்னன் அப்பொற்பாவைக்கு முடிசூட்டினான். களனி கங்கைக் கரையில் நெல் விளைவித்தவனின் அடுத்த அரசன் யார் என்பது, அவன் கண்டும் கேட்டுமிராத ஒரு நகரில், ஒரு பொம்மையின் தலைமேல் தீர்மானமாயிற்று.

அந்தத் தர்மபாலன் வளர்ந்து, 1557இல் ஞானஸ்நானம் பெற்று, பிள்ளையின்றி முதிர்ந்து, 1580 ஆகஸ்டில் தன் இராச்சியத்தைப் போர்த்துக்கல் முடிக்கு நன்கொடையாக எழுதிக்கொடுத்தான். வீடு வளவை உறுதி முடிப்பது போல ஓர் இராச்சியம் உறுதி முடிக்கப்பட்டது.

அந்த ஆகஸ்டில் போர்த்துக்கல்லின் அரியணையில் யார் இருந்தார்? அங்கும் வாரிசு இல்லை! இளம் மன்னன் செபஸ்தியான் 1578இல் மொரொக்கோவின் அல்காசர் கிபீர் போரில் மணமாகாமலே மடிந்தான். அவனுக்குப் பின் முடிசூடியவர் அவனுடைய பாட்டனின் சகோதரரான கர்தினால் என்றீக், மணமுடிக்காத குருவானவர். அவர் 1580 சனவரியில் இறந்தார். தர்மபாலனின் உறுதி எழுதப்பட்டபோது அவர் இறந்து ஆறு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்பு, தன் தாய் போர்த்துக்கல் இளவரசி என்னும் உரிமையைச் சொல்லிப் படையோடு நுழைந்து, 1581இல் தோமார் நகரில் போர்த்துக்கல்லின் அரசனாக ஏற்கப்பட்டான். இவ்வாறு கோட்டை மக்கள் ஸ்பெயின் மன்னனின் குடிகளாயினர். இதை எந்த ஆட்டக்காரன் எதிர்பார்த்திருப்பான்?

ஆகவே, 1617இல் நல்லூரில் எது முறையான வாரிசுரிமை என்று தீர்ப்புச் சொல்ல முன்வந்தவர்கள், தம் சொந்த அரசனையே தாய்வழி உறவாலும் படைபலத்தாலும் பெற்றிருந்தவர்கள். அவர்களுக்கு யாழ்ப்பாணம் வேண்டியிருந்த காரணங்கள் வேறு. பாக்கு நீரிணையின் போக்குவரத்து, யானை வாணிபம், முத்துக்குளிப்பு ஆகியவை ஒருபுறம். தென்னிந்தியாவிலிருந்து கண்டிக்கு ஆட்களும் பண்டங்களும் செல்லும் வாயில் யாழ்ப்பாணத் துறைமுகங்களே என்பது மற்றொருபுறம். கண்டியை அடக்க விரும்பியவன் யாழ்ப்பாணத்தை அடைத்தாக வேண்டும். மூன்று வயதுக் குழந்தையின் உரிமை இக்கணக்கில் ஒரு வரியும் பெறாது. ஆனால் கணக்கை வெளியே காட்ட முடியாது, குழந்தையைக் காட்டலாம்.

1618இல் சங்கிலி குமாரனுக்கு எதிராக உள்நாட்டிலேயே கிளர்ச்சி மூண்டது. கிறித்தவராயிருந்த முதலிமார் சிலர் தலைமை தாங்கினர். அவர்களுள் ஒருவன் கரையார் தலைவனான மிகப்பிள்ளை ஆராச்சி; அவன் தந்தையைச் சங்கிலி குமாரன் கொன்றிருந்தான். சங்கிலி குமாரன் ஊர்காவற்றுறைக்கு ஓடி ஒளியும் நிலை வந்தது. தஞ்சை நாயக்கரிடம் உதவி கேட்டான். வருணகுலத்தானின் தலைமையில் தஞ்சையிலிருந்து வந்த படை அவனை மீண்டும் நிலைநிறுத்தியது. திறை வரவில்லை, தஞ்சைப் படை வந்திருக்கிறது என்று குற்றஞ்சாட்டிப் போர்த்துக்கேயர் 1619 ஜூனில் பிலிப்பே தெ ஒலிவேராவைப் பெரும் படையோடு அனுப்பினர். நல்லூர் வீழ்ந்தது. படகேறித் தப்ப முயன்ற சங்கிலி குமாரன் குடும்பத்தோடு பிடிபட்டான். கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, விசாரிக்கப்பட்டு, கொல்லப்பட்டான். அதே 1619 ஜூனிலேதான் போர்த்துக்கல்லையும் ஆண்ட ஸ்பெயின் மன்னன் மூன்றாம் பிலிப்பு முதன்முறையாக லிஸ்பன் நகருக்குள் ஆடம்பரமாக நுழைந்தான். அன்று அவனுடைய உடைமைப் பட்டியலிற் புதிதாக ஏறிய நல்லூரைப் பற்றி அவனுக்குச் செய்தி எட்டப் பல மாதங்கள் சென்றிருக்கும்.

முறைகேடாகப் பறித்தவன் நீக்கப்பட்டான். அவ்வாறாயின் முறையான வாரிசுக்கு அரசைக் கொடுத்திருக்க வேண்டுமல்லவா? அந்தக் குழந்தையும் கோவாவுக்கு அனுப்பப்பட்டது. பின்னர் பிரான்சிஸ்கன் சபைத் துறவியாக்கப்பட்டது. அரச குடும்பத்தைச் சேர்ந்த மற்றவர்களும் மடங்களுக்கும் கன்னியர் மடங்களுக்கும் சென்றனர். துறவிக்கு அரசுரிமை இல்லை. துறவிக்குப் பிள்ளையும் இல்லை. ஆட்டக்காரன் வேண்டாத மகனை மடத்துக்கு அனுப்புகிறானே, அந்த உபாயத்தைக் கோவா ஒரு வம்சம் முழுவதின்மீதும் பயன்படுத்தியது. இரத்தம் சிந்தாமல் ஒரு வாரிசு வரிசை துடைக்கப்பட்டது. எந்தக் குழந்தையின் உரிமையைப் பறித்தான் என்று சங்கிலி குமாரன் குற்றஞ்சாட்டப்பட்டானோ, அந்தக் குழந்தையின் உரிமையை அவனைக் கொன்றவர்கள் முற்றாகவே முடித்துவைத்தனர்.

இந்நிகழ்ச்சியைப் பற்றி நம்மிடையே இரண்டு தீர்ப்புகள் வழங்கிவருகின்றன. இரண்டும் என்னைத் திருப்திப்படுத்தவில்லை.

முதலாவது, சங்கிலியின் பாவமே யாழ்ப்பாண அரசை அழித்தது என்பது. 1736 அளவில் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் இதன் வேரைக் காணலாம். வைபவமாலை முதலாம் சங்கிலியையும் சங்கிலி குமாரனையும் ஒருவனாகக் குழைத்துவிட்டது என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அந்த ஒரே சங்கிலி, பரராசசேகர மன்னனின் காமக்கிழத்தி மங்கத்தம்மாளின் மகன். மூத்தவர்களைக் கொன்றும் ஏய்த்தும் அரசைப் பிடித்தவன். நூற்றாண்டொன்று இடைவெளியுள்ள இருவரின் குற்றங்களை ஒருவன்மேல் ஏற்றியபின், அந்நியன் வந்தது இயல்பான தண்டனையாகத் தோன்றுகிறது. பிறப்பில் இழிவு, வழியிற் கொலை, முடிவில் வீழ்ச்சி! கதை அழகாக அமைந்துவிட்டது. வென்றவனுக்கும் இது வசதியே. நாம் நாட்டைப் பிடிக்கவில்லை, ஒரு கொலைகாரனைத் தண்டித்தோம் என்று அவன் சொல்லலாம்.

இவ்வாதம் போர்த்துக்கேயரோடு ஒழியவில்லை. 1815இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தபோது எழுதிய ஒப்பந்தம், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடுங்கோன்மையைக் காரணங் காட்டியதோடு, அவன் மரபினரின் அரசுரிமையையே இரத்துச் செய்தது. அவனுடைய ஆண் உறவினர் மலைநாட்டுக்குள் நுழைந்தால் மரண தண்டனை என்றது. இந்தியாவில் டல்ஹவுசி பிரபு, பெற்ற மகன் இல்லாத அரசன் இறந்தால் நாடு கம்பெனிக்கே என்றார்; சுவீகார புத்திரனை ஏற்க மறுத்தார். 1848இல் சதாரா, பின் ஜான்சி எனக் கம்பெனி விழுங்கிக்கொண்டே சென்றது. 1855இல் தஞ்சை மராத்திய மன்னன் ஆண் வாரிசின்றி இறக்க, தஞ்சை அரசும் முடிவுற்றது. ஒரு வம்சத்தின் தொட்டில் வெறுமையாக இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது ஏகாதிபத்தியத்தின் ராஜதந்திரமாயிற்று. ஆள்பவன் முறையற்றவன் என்ற உண்மையிலிருந்து, அந்நாட்டை நான் எடுத்துக்கொள்வது முறை என்ற முடிவுக்குத் தர்க்கத்தில் எந்தப் பாலமும் இல்லை. நாடு ஆள்பவனின் சொத்து என்று வைத்துக்கொண்டாலன்றி இப்பாலத்தைக் கட்ட முடியாது. உடையவன் இல்லாத மாட்டைப் பிடித்துக் கட்டுவது போலத்தான் அந்தத் தர்க்கம்.

இரண்டாவது தீர்ப்பு இதற்கு நேரெதிர். நல்லூர் முத்திரைச் சந்தியில் வாளேந்திய சங்கிலியனின் சிலை நிற்கிறது. அயலிலே சங்கிலித்தோப்பு, மந்திரிமனை, யமுனா ஏரி என்று அவன் காலத்தோடு மக்கள் இணைத்துப் பேசும் இடங்கள் உள்ளன. அந்நியனை எதிர்த்து வீழ்ந்த கடைசி மன்னனை நினைவுகூர்வதிற் பிழையில்லை. நினைவு மறுக்கப்பட்ட மக்களுக்குச் சிலையும் ஓர் உரிமையே. ஆனால் எதிர்த்தான் என்பதற்காக அரசகேசரியின் கொலையை நியாயப்படுத்துவது வேறு. கொல்லப்பட்ட இளவரசர்களை ‘அக்காலத்து வழக்கம்’ என்று தள்ளிவிடும் பேச்சு மேடைகளிற் கேட்கக் கூடியதே. அக்காலத்து வழக்கம் என்பது யாருடைய வழக்கம்? நல்லூர் வாசலில் விறகு விற்றவளுக்குத் தன் மாமனைக் கொல்லும் வழக்கம் இருந்ததில்லை. மண்ணில் உழைத்து வாழ்ந்தவர்கள் பாவமென்று கருதியதை, மண்ணைச் சொத்தாக வைத்திருந்தவர்கள் ராஜநீதி என்று பெயரிட்டனர்.

1618இல் கிளர்ந்தவர்களை அந்நியனுக்கு வழி திறந்துவிட்ட துரோகிகள் என்று இத்தரப்பினர் கூறுவர். மிகப்பிள்ளை ஆராச்சியின் பிற்கதையை அவர்கள் நோக்க வேண்டும். சங்கிலி குமாரனுக்கு எதிராக எழுந்த அதே மனிதன், 1620இல் தஞ்சைப் படையுதவியோடு போர்த்துக்கேயருக்கு எதிராக எழுந்தான். சொந்தக் கொடுங்கோலனையும் எதிர்த்தான். வந்த கொடுங்கோலனையும் எதிர்த்தான். அவனுக்கும் தந்தையின் இரத்தம் என்ற சொந்தக் காரணம் இருந்தது. அவனும் படைத்தலைவனே, உழவன் அல்லன். அதை மறுக்கவில்லை. எனினும், சங்கிலி குமாரனின் குற்றத்தை விசாரிக்கும் உரிமை எவருக்கேனும் இருந்ததாயின் அவனை ஊர்காவற்றுறைக்குத் துரத்தியவர்களுக்கே இருந்தது. கோவா நீதிமன்றத்துக்கு இருக்கவில்லை. கொலைக்குற்றம் பொய்யானது என்பதன்று என் வாதம்; வழக்கு தவறான மன்றத்தில் விசாரிக்கப்பட்டது என்பதே.

வெற்றிக்குப் பின் வந்தது என்ன என்பதை நாம் அறிவோம். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. தலைநகர் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றப்பட்டது. பின்னர் நிலங்களும் அவற்றின் கடமைகளும் தோம்புகளிற் பதியப்பட்டன. வரி தருபவன் மாறவில்லை. வரி வாங்குபவனே மாறினான். 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தபோது அவன் மறுபடியும் மாறினான்.

அரண்மனையிலே வாரிசுரிமை வாளால் தீர்ந்தது. ஊரிலே எவ்வாறு தீர்ந்தது? இதற்கு நம்மிடம் அரிய சான்றொன்று இருக்கிறது. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ், யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்து 1707இல் அளித்த தேசவழமை அது. பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். தகப்பன் வழியில் வரும் முதுசம், மனைவி கொண்டுவரும் சீதனம், இருவரும் வாழும்போது ஈட்டும் தேடியதேட்டம் எனச் சொத்து மூவகைப்படும். எது யாரிடம் போகும், விதவை மறுமணம் செய்தால் என்ன, பிள்ளையின்றி இறந்தால் என்ன, பெற்றோரை இழந்த குழந்தையின் பங்கை யார் காப்பது என்றெல்லாம் அது விரிவாகப் பேசுகிறது. அநாதைக் குழந்தையின் சொத்தை உறவினர் விழுங்காதபடி ஊர் கண்காணித்தது. நல்லூர் அரண்மனையிலே மூன்று வயதுக் குழந்தைக்குக் கிடைக்காத காப்பு, மானிப்பாயிலோ உடுவிலிலோ பத்துப் பரப்புக் காணிக்கு உரிய குழந்தைக்குச் சட்டத்திலே இருந்தது. சொத்து சிறிதாயின் வழக்கம் காக்கும். சொத்து நாடாகிவிட்டால் வழக்கத்தைக் காக்க ஊரில் ஒருவரும் இல்லை.

ஆனால் தேசவழமையைப் புகழ்ந்துவிட்டுப் போய்விட முடியாது. குடும்பத்தின் வரலாற்றையும் தனிச்சொத்தின் வரலாற்றையும் பிரிக்க முடியாது என்று 1884இல் ஏங்கல்ஸ் எழுதினார். அதற்கு உலகின் பல மூலைகளிலிருந்து சான்று தேடினார். தேசவழமையை அவர் பார்த்திருந்தால் எவ்வளவு பயன்பட்டிருக்கும்! முதுசத்தையும் சீதனத்தையும் பேசும் அதே ஏடு, அடிமைகளையும் பேசுகிறது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று பெயர் சொல்லிப் பேசுகிறது. ஒருவனுடைய அடிமை இன்னொருவனுடைய அடிமைப் பெண்ணை மணந்தால் பிறக்கும் பிள்ளைகள் தாயின் எசமானுக்கே உரியர் என்று விதிக்கிறது. இங்கேயும் ‘யார் பிள்ளை யாருக்கு?’ என்பதே கேள்வி. வேறுபாடு ஒன்றுதான். வெள்ளாளன் வீட்டுப் பிள்ளை எதைப் பெறும் என்று சட்டம் கேட்டது. அடிமையின் பிள்ளையை யார் பெறுவது என்று கேட்டது.

நல்லூரின் அரசுரிமைப் போரைப் படிக்கும்போது இவ்வரிகளைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பேன். சங்கிலி குமாரனும் அரசகேசரியும் மூன்று வயதுக் குழந்தையும் ஒலிவேராவும் மாட்ரிட் மன்னனும் எந்த நாட்டுக்காக வழக்காடினரோ, அந்த நாட்டில் மனிதரே முதுசமாக இறங்கிக்கொண்டிருந்தனர். ஐவருள் எவர் வென்றிருந்தாலும் இறங்கிக்கொண்டே இருந்திருப்பர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். அது கோவாவின் கருணையாலும் அன்று, நல்லூரின் நீதியாலும் அன்று. சட்டம் ஒழிந்தபின்னும் குடிமை, தொண்டு, ‘எங்கள் ஆட்கள்’ என்னும் பேச்சு ஒழியவில்லை என்பதை யாழ்ப்பாணத்து வாசகர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மக்களிடம், உங்களை ஆள வேண்டியவன் யார் என்று கேட்கும் சட்டம் 1931இல் வந்தது. டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசுகளைத் தொடர்ந்து, இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அதை விரும்பாத பெரியவர்கள் நம்மிடையே இருந்தனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் எதிர்த்தவர்களுள் ஒருவர். ஆள்வதற்கும் ஆள்பவனைத் தெரிவதற்கும் பிறப்பே தகுதி என்ற எண்ணம் அரியணை போன பின்னும் முந்நூறு ஆண்டு நீடித்தது. மறுபக்கத்தில் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் சாதியை எதிர்த்தது, சமபந்தியை ஆதரித்தது, பூரண சுயராச்சியம் கோரியது. டொனமூர் திட்டம் அதைத் தரவில்லை என்று சொல்லி முதலாவது தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி அழைத்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. இலட்சியம் உயர்ந்தது, அவ்விளைஞர்களின் நேர்மையை ஐயுறுவார் இல்லை. தேசவழமையில் உடைமைகளாக எழுதப்பட்டிருந்தவர்களின் வழித்தோன்றல்கள் தமது முதலாவது வாக்குச் சீட்டைக் கையில் வாங்கியது 1934இல், இடைத்தேர்தல்களிலே.